சிங்கப்பூரில் தினமும் ஒரு மல்டி டூல்: எதை வைத்துக்கொள்வது, துருவேறாமல் எப்படிப் பேணுவது

கேள்வி இதுதான்: “தினமும் ஒரு சுவிஸ் கத்தி கையோடு இருந்தால் நல்லது என்று வாங்கினேன். கால்சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். சில மாதத்திலேயே பிளேடில் புள்ளிபுள்ளியாகத் துரு. கத்தரிக்கோல் இறுகிவிட்டது. துருப்பிடிக்காத எஃகு என்றுதானே சொல்லி விற்கிறார்கள்? எந்த எண்ணெய் விடலாம்? வீட்டிலேயே தீட்ட முடியுமா? அதோடு, இதை இங்கே எடுத்துக்கொண்டு நடமாடுவது சட்டப்படி சரிதானா?”

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எந்தக் கருவியை வாங்குவது, எங்கே வைப்பது என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது.

சிங்கப்பூரில் 1958-ஆம் ஆண்டின் அரிபொருள், வெடிபொருள், தாக்குதல் ஆயுதச் சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் ஒன்றைத் தகுந்த காரணமில்லாமல் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. ஆயுதம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் மிக அகலமானது. தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். “மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் பரவாயில்லை” என்று பலர் நம்பிக்கையோடு சொல்வார்கள். அப்படி ஓர் அளவை நம்பி வெளியே போகாதீர்கள். அங்கே பார்க்கப்படுவது நீளத்தை அல்ல, எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பதை. ஏர்கான் பழுதுபார்க்கப் போகிறவரின் கருவிப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு கிடக்கும் மல்டி டூலுக்கு (பல கருவிகள் ஒன்றாக மடிந்தது) காரணம் கேட்காமலே தெரியும். அதே கருவி இரவு 12 மணிக்கு, கேளிக்கை விடுதிகள் நிறைந்த கிளார்க் கீயில் இடுப்பில் தொங்கினால் காரணத்தை நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். “தற்காப்புக்கு” என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. அதை ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்களே சொன்னதாகிவிடும்.

பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்தியும், உதறினால் தன் எடையிலேயே விழுந்து திறக்கும் கத்தியும் வேறு வகை. அவற்றை வாங்கவும் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் வேண்டாம். ஜொகூருக்கு அடிக்கடி போய்வருபவர்கள் மலேசியாவிலும் கிட்டத்தட்ட இதே பெயரில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நடப்பில் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தினசரிக்கு என் பரிந்துரை இது. சிறியதாக இருக்கட்டும். இரண்டு கையாலும் திறக்க வேண்டியதாக, பிளேடு விரிந்த நிலையில் பூட்டிக்கொள்ளாததாக இருக்கட்டும். பெல்ட்டிலோ சட்டைப்பையிலோ கிளிப்பில் தொங்காமல், தோள்பைக்குள் சார்ஜர், பேனா, பிளாஸ்டர் கிடக்கும் உறையிலேயே இதுவும் கிடக்கட்டும். வேலையிடம், பள்ளி, நீதிமன்றம், தேசிய தின அணிவகுப்பு என்று சோதனை உள்ள எந்த இடத்துக்குப் போனாலும் அன்று வீட்டில் வைத்துவிடுங்கள். சாங்கி விமான நிலையத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில்தான். பெரும்பாலும் பறிபோவது சாவிக்கொத்தில் மாட்டிய குட்டிக் கத்திதான். அது அங்கே இருப்பதே மறந்துபோயிருக்கும். விமானப் பயணத்துக்கு முந்தைய இரவே அதைக் கழற்றிவிடுங்கள்.

என்ன வாங்குவது? விக்டோரினாக்ஸில் 58 மி.மீ. நீளமுள்ள கிளாசிக் எஸ்டி சுமார் 21 கிராம்தான். சிறு பிளேடு, கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம், அதன் நுனியில் சிறு ஸ்க்ரூடிரைவர், சாமணம், பல்குத்தி எல்லாம் அதிலேயே. 91 மி.மீ. வரிசையில் ஸ்பார்ட்டன் 60 கிராம் அளவில் இருக்கும், ஆனால் அதில் கத்தரிக்கோல் இல்லை. கிளைம்பரில் கத்தரிக்கோல் உண்டு, எடை 80 கிராமுக்கு மேல். பிளையர் உள்ள லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம். இங்கே ஒரு சாதாரண நாளில் என்னென்ன வேலை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பார்சல் டேப்பைப் பிரிப்பது, சட்டையில் தொங்கும் நூலை நறுக்குவது, சாம்பார்ப் பொட்டலத்தின் முடிச்சைத் திறப்பது, மூக்குக்கண்ணாடியின் தளர்ந்த திருகை முடுக்குவது, விரலில் ஏறிய சிலாம்பை எடுப்பது. இதில் முக்கால்வாசி கத்தரிக்கோலும் சாமணமும் ஸ்க்ரூடிரைவரும் செய்யும் வேலை. பிளேடைத் தொடவே வேண்டியிருக்காது. அதனால் கத்தரிக்கோல் இல்லாத மாதிரியை தினசரிக்கு வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். பிளையர் உள்ள பெரிய கருவி வீட்டு மேசையறையிலோ வேலைப் பையிலோ இருக்கட்டும். பிளேடே இல்லாத மல்டி டூல்களும் கிடைக்கின்றன. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மட்டும் போய்வருபவருக்கு அதுவே போதும்.

இனி துரு. பெயரில் “துருப்பிடிக்காத” என்று இருந்தாலும் எல்லாத் துருப்பிடிக்காத எஃகும் ஒன்றல்ல. பாத்திரம் கழுவும் தொட்டி பொதுவாக 304 வகை எஃகு. அதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம், கரி (கார்பன்) மிகக் குறைவு. சுவிஸ் கத்தி பிளேடு 1.4116 என்ற எஃகு வகையைச் சேர்ந்தது. கரி சுமார் 0.5 சதவீதம், குரோமியம் சுமார் 15. கூர் நிற்க வேண்டுமென்றால் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கரி வேண்டும். அந்தக் கரி குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. எஃகைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்துக்கு மிஞ்சுவது அவ்வளவு குறையும். இப்படிப்பட்ட எஃகு தண்ணீரைத் தாங்கும், உப்பைத்தான் தாங்காது. வேர்வையில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைக்கும். துளை விழுந்த இடத்தில் அரிப்பு உள்நோக்கிப் போகும். நீங்கள் பார்த்த புள்ளிகள் அவைதான்.

கால்சட்டைப் பையில் வைத்திருந்தீர்கள் என்பதிலேயே பதில் இருக்கிறது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. விடியற்காலையில் 90-ஐத் தாண்டிவிடும். பருத்தித் துணி வேர்வையை உறிஞ்சிக் கருவியோடு ஒட்டிவைத்திருக்கும். இன்னொரு காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. ஏர்கான் அறையில் மணிக்கணக்காகக் குளிர்ந்த இரும்பை வெளியே எடுத்துவரும்போது, கட்டடத்தை விட்டு வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேபோல் கருவியின் உள்மடிப்புகளிலும் பனி படிகிறது. கண்ணாடியைத் துடைத்துவிடுகிறோம். மடிந்திருக்கும் பிளேடுகளுக்கு நடுவே படிந்தது அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் துரு பெரும்பாலும் பிளேடின் நடுவில் வராமல், நகத்தால் இழுக்கும் பள்ளத்திலும், கம்பெனிப் பெயர் பொறித்த இடத்திலும், ஸ்பிரிங்கைத் தொடும் அடிப்பகுதியிலும் முதலில் தெரிகிறது.

இந்த ஊரில் கருவியைக் காப்பது எண்ணெய் அல்ல, உலர்த்துவதுதான். எண்ணெய் அதற்குப் பிறகுதான் வரும். ஈரத்தின் மேல் எண்ணெய் விட்டால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்தது போலாகும்.

கழுவும் முறை எளிது. முதலில் சாமணத்தையும் பல்குத்தியையும் உருவி எடுங்கள். அந்த இரண்டு துளைக்குள்ளும் அழுக்கு சேர்ந்திருக்கும். ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் வெந்நீர், இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம். பிளேடு, திறப்பான், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பாதி விரித்துப் பழைய பல்துலக்கியால் மூட்டுகளைத் தேயுங்கள். கூரான பக்கத்துக்கு எதிராகத் துலக்கியை இழுக்காதீர்கள், முதுகிலிருந்து கூரை நோக்கி மட்டும். எல்லாக் கருவியும் மடிந்து உட்காரும் பள்ளத்தின் அடியில் பஞ்சு திரண்டு, எண்ணெயோடு சேர்ந்து கறுப்புப் பசையாகக் கிடக்கும். ஒரு மரப் பல்குத்தியால் அதைச் சுரண்டி எடுங்கள். பிளேடு முழுதாக மடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அந்தப் பசைதான் காரணம். பிறகு தண்ணீருக்குள் மூழ்கவைத்தபடியே ஒவ்வொன்றையும் பத்துமுறை திறந்து மூடுங்கள். மூட்டிலிருந்து கலங்கலாக வெளிவரும். தெளிவாகும் வரை செய்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அலசியதும் உதறி, திசுத்தாளின் முனையை மடித்து இடுக்குகளில் விட்டு ஒற்றியெடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் ஒரு நிமிடம். பிறகு எல்லாவற்றையும் விரித்து மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு இந்த ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் கழுவியதே வீண். சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளதைக் கொதிநீரில் போடக் கூடாது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் கரையும். மரக் கைப்பிடி உள்ளதை ஊறவைக்கவே கூடாது, ஈரத்துணியும் பல்துலக்கியும் போதும்.

எண்ணெய்க்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். வாசனை இல்லை, கெட்டுப்போகாது, அதே பிளேடால் மாம்பழம் நறுக்கினாலும் கவலை இல்லை. வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ விடாதீர்கள். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஏர்கான் அறையில் உங்கள் கத்தரிக்கோல் நகராது. டபிள்யூடி-40 ஸ்ப்ரே தண்ணீரை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லது. ஆனால் அதன் மெல்லிய படலம் நெடுநாள் உராய்வைத் தாங்காது, சாப்பாட்டைத் தொடும் பிளேடுக்கும் ஏற்றதல்ல. அதை அடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, பிறகு பாரஃபின் விடுங்கள்.

எங்கே விடுவது என்பதுதான் முக்கியம். ஊசி நுனியிலோ பல்குத்தி நுனியிலோ ஒரு துளி தொட்டு, பிளேடின் அடிப்பகுதி ஸ்பிரிங்கோடு உரசும் இடத்தில் ஒன்று, ஆணியைச் சுற்றி பிளேடும் பக்கத்தகடும் சேரும் கோட்டில் ஒன்று. கத்தரிக்கோலுக்கு அதன் நடு ஆணியில் ஒரு துளியும், நெம்பும் ஸ்பிரிங் நுனி உரசும் இடத்தில் அரைத் துளியும். பத்துமுறை திறந்து மூடிவிட்டு வெளியே வழிந்ததை முழுக்கத் துடைத்துவிடுங்கள். பார்வைக்கு எண்ணெயே தெரியக் கூடாது. மிஞ்சிய எண்ணெய் பஞ்சை இழுக்கும், மறுபடியும் கறுப்புப் பசைதான்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிகளுக்கு, சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் துணியால் பிளேடின் நீளவாக்கில் தேயுங்கள். போகவில்லையென்றால் உலோகப் பாலிஷ். பச்சை ஸ்கிரப்பரை எடுத்தால் துருவோடு பளபளப்பும் போய்க் கீறல்கள் விழும். அந்தக் கீறல்களில் அடுத்த துரு இன்னும் சுலபமாக உட்காரும். சிவப்பு போய், ஆழத்தில் கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சினால் அங்கேயே நிறுத்துங்கள். அதைத் தோண்டி எடுக்கப் பிளேடையே தேய்க்க வேண்டியிருக்கும், அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

தீட்டுவதை வீட்டிலேயே செய்யலாம். இந்த எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 55–56. சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் கூரும் ஏறும். 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) கல் ஒன்று போதும். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைக் கோணம். கோணத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட உயரத்தால் அளப்பது சுலபம். பிளேடின் அகலம் 12 மி.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து 3.5 மி.மீ. உயர்ந்து நின்றால் அது 17 பாகை. இரண்டு இருபது காசு நாணயத்தை அடுக்கி அதன்மேல் முதுகைச் சாய்த்துப் பார்த்தால் கைக்கு அந்த உயரம் பழகிவிடும். பிறகு நாணயத்தை எடுத்துவிடலாம்.

தொடங்கும் முன் கூர்ப்பக்கச் சரிவில் மார்க்கர் பேனாவால் மை தடவுங்கள். நான்கைந்து இழுப்புக்குப் பின் பாருங்கள். மை நுனியில் மட்டும் அழிந்திருந்தால் முதுகை அதிகம் தூக்கிவிட்டீர்கள், மேலே மட்டும் அழிந்திருந்தால் தாழ்த்திவிட்டீர்கள். அழுத்தம் வேண்டாம், பிளேடின் எடையோடு விரலின் எடை போதும். அடியிலிருந்து முனை வரை ஒரே வீச்சாக, கல்லின் மேலிருந்து மெல்லிய சீவல் எடுப்பது போன்ற அசைவில் தள்ளுங்கள். ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். பெருவிரலை முதுகிலிருந்து கூரை நோக்கிக் குறுக்கே தடவினால் நெருடும். அடி முதல் முனை வரை அந்த நெருடல் வந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். பாதியில் மாற்றுவதால்தான் “எவ்வளவு தீட்டியும் கூர் ஏறவில்லை” என்ற நிலை வருகிறது. இரண்டு பக்கமும் முடிந்ததும் அழுத்தம் குறைத்து மாற்றி மாற்றி ஐந்தாறு இழுப்பு. கடைசியாக அட்டைப்பெட்டியின் சமமான பரப்பிலோ பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்திலோ முதுகு முன்னே போகும்படி பத்துமுறை இழுங்கள். தமிழ் முரசு நாளிதழின் ஒரு தாளை ஒரு கையில் பிடித்து நறுக்கிப் பாருங்கள். கிழியாமல் வழுக்கிக்கொண்டு போனால் தீட்டியது போதும்.

இடையிடையே சிறு கூருக்குக் கல்லே வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று சொரசொரப்பாக இருக்கும். அதில் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு. கடையில் கிடைக்கும், கத்தியை இழுத்துத் தீட்டும் வி வடிவச் சாதனங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எஃகைத் தீட்டுவதில்லை, பிய்த்தெடுக்கின்றன. இவ்வளவு மெல்லிய பிளேடு சில ஆண்டிலேயே குச்சியாகிவிடும். மர அறுப்பு வாளைத் தீட்ட முயலாதீர்கள். கத்தரிக்கோலுக்கு வெளிச்சரிவில் மட்டும் மெல்ல இரண்டு இழுப்பு. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசும் உள்பக்கத் தட்டைப் பரப்பைத் தொட்டால் பிறகு அது துணியை வெட்டாது, மடித்துக் கவ்வும்.

உங்கள் கத்தரிக்கோல் இறுகியதற்குக் கூர் காரணமாக இருக்காது. நடு ஆணியில் டேப் பசையும் துருவும் சேர்ந்திருக்கும். பார்சல் டேப் வெட்டிய பசை அங்கேதான் தேங்கும். ஒரு துளி பாரஃபின் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துடைத்தால் இளகும், அதன் பிறகு சோப்புக் கழுவல். ஸ்பிரிங்கே ஒடிந்திருந்தால் அது தனியாக விற்கப்படும் உதிரிப் பாகம். சாமணம், பல்குத்தியும் அப்படித்தான். சிறிய கத்திக்கும் பெரிய கத்திக்கும் அளவு வேறு, வாங்குமுன் பழையதை எடுத்துக்கொண்டு போங்கள்.

உடைவதெல்லாம் பெரும்பாலும் ஒரே காரணத்தால். நெம்புகோலாகப் பயன்படுத்துவது. பெயின்ட் டப்பா மூடியை பிளேடு முனையால் நெம்பினால் முனை ஒடியும். அதற்குப் புட்டித் திறப்பானின் தடித்த நுனி இருக்கிறது. பூட்டாத பிளேடின் முனையால் எதையும் குத்தித் துளைக்காதீர்கள், மடிந்து விரல் மேல் வரும். துளையிடும் ஊசிக்கும் இதே ஆபத்து உண்டு. அதைத் திருப்பும்போது மடியும் திசையில் பலம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருகுக்குப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் முடுக்கினால் இரண்டின் முனையும் உருளும்.

பிளையர் உள்ளதில் ஊசிமூக்கைப் பக்கவாட்டில் முறுக்காதீர்கள், மூட்டு தளர்ந்துவிடும். கடினமான எஃகுக் கம்பியை வெட்டினால் வெட்டும் விளிம்பில் சிறு பள்ளம் விழும். வேவ் பிளஸ்ஸில் அந்த வெட்டுத்துண்டுகளைக் கழற்றி மாற்றலாம், பல மாதிரிகளில் முடியாது. கைப்பிடி முழுக்க உலோகம் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுவிட்சை அணைத்திருந்தாலும் சுவருக்குள் இருக்கும் வயரில் இதை வைக்காதீர்கள். அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

பழம் நறுக்கினால் பத்து நிமிடத்துக்குள் துடைத்துவிடுங்கள். எலுமிச்சையும் மாங்காயும் ஊறுகாயும் அமிலம், ஊறுகாயில் உப்பும் சேர்ந்திருக்கும். பிடோக் படகுத்துறையில் மீன்பிடிக்கப் போனால் தூண்டில் இரைக்குத் தனியாக ஒரு மலிவுக் கத்தி வைத்துக்கொள்ளுங்கள். இதையே பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் அன்றிரவே நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மேலே சொன்னபடி முழுக் கழுவல். மறுநாள் காலை என்று தள்ளிப்போட்டால் பக்கத்தகடுகளுக்கு நடுவே உப்பு காய்ந்து உட்கார்ந்துவிடும்.

மற்றபடி தோள்பையில் வைத்தால் மாதம் ஒரு கழுவல் போதும், கால்சட்டைப் பையில்தான் வைப்பீர்கள் என்றால் வாரம் ஒருமுறை. பல மாதம் எடுக்காமல் வைப்பதாக இருந்தால் தோல் உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தை வாங்கிவைத்துக்கொள்ளும். பிளேடு முழுவதும் பாரஃபின் தடவிய துணியால் ஒருமுறை துடைத்து, மூடும் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.